ஜோன் ஏன் காணாமல் போகிறது? ஆன்டிபயாடிக் தரும் மண் பாக்டீரியாவின் மரபணு நிலையின்மை பற்றி வடசென்னை மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் மைக்ரோபயாலஜி படிக்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு இதைத்தான் எடுக்கிறார்கள்: செங்குன்றம் ஏரிக்கரையிலோ எண்ணூர் கழிமுகத்திலோ மாதவரம் பக்கம் ஏதாவது தோட்டத்திலோ மண் எடுத்து, அதிலிருந்து ஆன்டிபயாடிக் சுரக்கிற பாக்டீரியாவைப் பிரித்து, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியைக் கொன்று ஜோன் (கிருமி வளராத தெளிவான வட்டம்) காட்டுகிறதா என்று பார்ப்பது. செலவு குறைவு, ரிசல்ட் கண்ணுக்குத் தெரியும். முதல் மாதம் நன்றாகப் போகும். அப்புறம் ஒருநாள் அந்த ஜோன் சுருங்கும், இல்லையென்றால் அடியோடு மறைந்துவிடும், பிள்ளைகள் அழாத குறையாக வந்து நிற்பார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பேரினத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். மண்ணைப் பிளேட்டில் போட்டால் ஆன்டிபயாடிக் தருகிறவற்றில் அதிகம் நம் கைக்கு வருவது அதுதான்.

முதல் தடவை நல்ல ஜோன் வந்தது. நாலைந்து சப்-கல்ச்சருக்கு (புது மீடியாவுக்கு மாற்றி வளர்ப்பதற்கு) அப்புறம் ஒன்றுமே இல்லை. நான் ஏதோ தப்பு பண்ணிவிட்டேனா அக்கா?

கல்ச்சரில் வேறெதுவும் கலக்கவில்லை என்றால் தப்பு உங்கள் மேல் இல்லை. இந்தக் குடும்பத்துக்கே உள்ள குணம் இது. சாதாரணமாக ஒரு பாக்டீரியாவில் குறிப்பிட்ட ஒரு ஜீன் தானாகக் கெடுவது பத்து லட்சம் செல்லுக்கு ஒன்று, அதைவிடவும் குறைவு. ஸ்ட்ரெப்டோமைசிஸில் கதையே வேறு. புறஊதா ஒளி காட்டாமல், ரசாயனம் எதுவும் போடாமல், ஸ்போரை (விதைபோலப் பரவுகிற செல்லை) நீரில் கலக்கிப் பிளேட்டில் பரப்பினாலே பல இனங்களில் ஆயிரத்தில் ஒன்று, சிலவற்றில் நூற்றில் ஒன்று என்ற கணக்கில் மாறிப்போன காலனிகள் முளைக்கும். நிறம் போயிருக்கும், ஸ்போர் வராது, ஆன்டிபயாடிக் வராது, சிலது ஏதோ ஒரு அமினோ அமிலத்தை வெளியிலிருந்து கொடுத்தால்தான் வளரும்.

இப்போது நீங்கள் செய்ததை யோசித்துப் பாருங்கள். வாராவாரம் லூப்பால் ஒரு தொடு தொட்டு அடுத்த ஸ்லான்ட்டுக்கு (சாய்வாக உறையவைத்த அகார் ஜெல்லி உள்ள குழாய்க்கு) மாற்றியிருக்கிறீர்கள். அந்தத் தொடுதலில் நல்லதும் மாறியதும் கலந்து வந்திருக்கும். அகாரில் சுகமாகச் சாப்பாடு கிடைக்கும்போது ஆன்டிபயாடிக் செய்யாத செல்லுக்கு எந்த நஷ்டமும் கிடையாது, சில சமயம் அதுதான் வேகமாகவும் வளரும். ஐந்தாறு மாற்றத்தில் ஸ்லான்ட்டின் பெரும்பகுதியை அது பிடித்துவிடும். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்த காலத்திலேயே இந்தத் தொல்லை இருந்தது. 1943-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் அதைப் பிரித்தெடுத்தார், அடுத்த சில வருடங்களுக்குள்ளாகவே மருந்து தராத, மேலே வெள்ளைப்பொடி கட்டாத வகைகள் அந்தக் கல்ச்சர்களிலிருந்து தோன்றுவதைப் பார்த்துவிட்டார்கள். ஓட்டேரி காசநோய் ஆஸ்பத்திரியைத் தெரியாத வடசென்னைக்காரர் கிடையாது. காசநோய்க்கு முதன்முதலில் உருப்படியாக வேலை செய்த ஊசி மருந்தே இப்படி நழுவுகிற ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்ததுதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற பாக்டீரியாவுக்கு இல்லாதது இதற்கு மட்டும் ஏன்?

குரோமோசோமைப் பார்க்க வேண்டும். பாக்டீரியா என்றால் குரோமோசோம் வளையமாக இருக்கும் என்று பன்னிரண்டாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸின் குரோமோசோம் வளையம் இல்லை, நம்முடையதைப்போல இரண்டு நுனியுள்ள நேர் இழை. ஸ்ட்ரெப்டோமைசிஸ் லிவிடன்ஸ் என்ற இனத்தில் இதை 1993-இல் உறுதிசெய்தார்கள், அதுவரை அதையும் வளையம் என்றுதான் வரைந்துகொண்டிருந்தார்கள். இரண்டு நுனியிலும் ஒரே வரிசை தலைகீழாகத் திரும்ப எழுதப்பட்டிருக்கும், ஒவ்வொரு நுனியிலும் ஒரு புரதம் ஒட்டிக்கொண்டு காவல் காக்கும்.

அளவும் பெரியது. ஈ. கோலை குரோமோசோம் சுமார் 46 லட்சம் பேஸ் (டிஎன்ஏ வரிசையின் எழுத்து). 2002-இல் முழு வரிசையும் வெளியான ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலரில் 86 லட்சத்து 67 ஆயிரம் பேஸ், கிட்டத்தட்ட 7,800 ஜீன். உயிர் வாழ அவசியமானவை எல்லாம் நடுவில் கூட்டமாக இருக்கின்றன. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நீளுகிற கைகளில் இருப்பவை பெரும்பாலும் சூழ்நிலைக்கு ஏற்ப உதவுகிறவை: கைட்டினைச் செரிக்கிற என்சைம், சில எதிர்ப்பு ஜீன்கள், பல இனங்களில் ஆன்டிபயாடிக் செய்கிற ஜீன் தொகுப்புகள். இடம்விட்டு இடம் தாவுகிற டிரான்ஸ்போசான்களும் நுனிப்பக்கம்தான் அதிகம். புடவை நடுவில் கெட்டியாக இருக்க முந்தானையில் மட்டும் நூல் பிரிகிறதே, கிட்டத்தட்ட அதுதான் இங்கேயும்.

நுனிப்பக்கம் டிஎன்ஏ உடைந்தால் செல் அதை ஒட்டப் பார்க்கும். ஒட்டும்போது சரியான ஜோடி கிடைக்காமல் ஏதோ ஒரு இடத்தோடு சேர்த்துவிடும், இடையில் இருந்தது போய்விடும். போவது ஒன்றிரண்டு ஜீன் அல்ல. 20 லட்சம் பேஸ் வரை, அதாவது மொத்தத்தில் கால் பங்கு தொலைந்தும் உயிரோடு இருக்கிற வகைகளைப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு நுனியும் போய், மிச்சமிருக்கிற இழை தானே வளையமாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. எனக்கு இந்தப் பாக்டீரியாவில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: இவ்வளவு பெரிய இழப்பைத் தாங்கிக்கொண்டு பிளேட்டில் ஒன்றும் நடக்காததுபோல வளர்கிற உயிர் வேறு அதிகம் கிடையாது.

ஒரு இழப்பு வந்தால் அதோடு நிற்குமா?

நிற்காது. லிவிடன்ஸில் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். முதலில் சுமார் 0.5 சதவீத ஸ்போரில் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் எதிர்ப்பு போகும். அப்படி இழந்த காலனியின் ஸ்போரை மறுபடி பரப்பினால் நாலில் ஒன்று அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் செய்யும் திறனையும் இழந்திருக்கும். முதல் உடைப்பு அடுத்த உடைப்புக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. ஆகவே "கொஞ்சம்தானே குறைந்திருக்கிறது" என்று அதே ஸ்லான்ட்டை வைத்துக்கொண்டு இன்னும் நாலு முறை மாற்றாதீர்கள்.

பிளேட்டைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

பழகினால் முடியும். ஐஎஸ்பி-4 அகாரிலோ ஸ்டார்ச் கேசீன் அகாரிலோ பத்து நாள் ஆன ஒரு காலனியை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். நல்ல காலனி அகாருக்குள் வேர் விட்டதுபோல இறுகியிருக்கும், லூப்பால் தட்டினால் தோல் மாதிரி எதிர்ப்புக் காட்டும், மேலே சாம்பல் நிறத்திலோ வெள்ளையிலோ சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல ஸ்போர் படர்ந்திருக்கும், மூடியைத் திறந்தால் முதல் மழைக்கு எழும்புகிற மண்வாசனை வரும் (ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அது). இப்போது ஓரத்தைக் கவனியுங்கள். நடுவிலிருந்து ஓரம் வரை தோசையில் ஒரு துண்டு கிள்ளியதுபோல முக்கோணமாக ஒரு பகுதி, பொடியே இல்லாமல் ஈரப் பளபளப்போடு தெரிந்தால் அதுதான் மாறிய செக்டர். காலனி வளர்ந்துகொண்டிருக்கும்போது ஒரு இழையில் நடந்த மாற்றம், அந்த இழையின் வாரிசுகளோடு விரிந்து வெளியே வந்திருக்கிறது. பொடி கட்டாத இந்த வகையை வழுக்கை என்றே லேபில் சொல்வோம். பொடி கட்டியும் சாம்பல் நிறம் வராமல் வெள்ளையாகவே நிற்கிற வகையும் உண்டு, அதில் ஸ்போர் முழுதாக முதிர்ந்திருக்காது.

பிளேட்டைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்கள். சீலிகலர் போன்றவை ஆக்டினோரோடின் என்ற நீல ஆன்டிபயாடிக்கை அகாருக்குள் கசியவிடும். உங்கள் ஐசொலேட்டுக்கு ஏதாவது நிறம் இருந்தால் அது மங்குவது நல்ல எச்சரிக்கை. ஆனால் நிறமும் ஆன்டிபயாடிக்கும் எல்லா இனத்திலும் ஒன்றல்ல, நிறம் இருக்கிறது என்பதற்காக ஜோனைப் பார்க்காமல் விட்டுவிடக்கூடாது.

ஒரே ஒரு காலனியிலிருந்துதானே எடுத்தேன், அதற்குள் எப்படி இரண்டு வகை?

அருமையான கேள்வி. ஸ்ட்ரெப்டோமைசிஸ் பூஞ்சைபோல இழையாக வளர்கிறது. இழையின் ஒவ்வொரு அறையிலும் குரோமோசோமின் பல பிரதிகள் சேர்ந்தே இருக்கின்றன. அதில் ஒரு பிரதி பாதி அழிந்தாலும் பக்கத்தில் இருக்கிற நல்ல பிரதிகள் வேலையைப் பார்த்துக்கொள்ளும், வெளியே எதுவும் தெரியாது. ஸ்போர் உண்டாகும்போதுதான் ஒரு ஸ்போருக்கு ஒரு குரோமோசோம் என்று பிரிகிறது, கெட்ட பிரதி கிடைத்த ஸ்போர் அங்கே மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் பார்வைக்கு சுத்தமாக இருக்கிற ஒரே காலனியின் ஸ்போரைப் பரப்பினால் உள்ளே ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வருகிறது.

அக்ரிடின் ஆரஞ்சு போட்டேன், ஆன்டிபயாடிக் போய்விட்டது. அப்படியென்றால் அந்த ஜீன் பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கிற டிஎன்ஏவில்) இருக்கிறது என்று எழுதலாமா? கைடு எழுதச் சொல்கிறார்.

எழுதாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் வருடா வருடம் தீசிஸ்களில் இதே முடிவைப் பார்க்கிறேன்.

அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. அக்ரிடின் சாயங்களும் எத்திடியம் புரோமைடும் பிளாஸ்மிடை விரட்டும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நீங்கள் அதைப் போட்டீர்கள், நிறைய காலனிகள் ஆன்டிபயாடிக்கை இழந்தன, இவ்வளவு அதிகமாக இழப்பு வந்தால் அது பிளாஸ்மிடாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. உலகம் முழுக்க ஆய்வாளர்களும் இப்படி நினைத்த காலம் இருந்தது. அப்புறம் ஒவ்வொரு இனமாக ஜீன்களைத் தேடிப் பிடித்தபோது பெரும்பாலான ஆன்டிபயாடிக் ஜீன்கள் குரோமோசோமிலேயே இருந்தன. டிஎன்ஏ-வைத் தொந்தரவு செய்கிற எதுவும், புறஊதா ஒளி, மைட்டோமைசின், அக்ரிடின் சாயம், செல்சுவரைக் கரைத்து மறுபடி வளரவிடுகிற புரோட்டோபிளாஸ்ட் முறை எல்லாம், குரோமோசோம் நுனி உடைவதையும் அதிகமாக்கும். ஆக உங்கள் பரிசோதனை இரண்டு காரணத்தையும் பிரித்துக் காட்டவில்லை.

பிளாஸ்மிடில் ஆன்டிபயாடிக் ஜீன் இருக்கவே இருக்காது என்றும் சொல்லவில்லை. சீலிகலரில் மெத்திலினோமைசின் ஜீன்கள் எஸ்சிபி1 என்ற பெரிய நேர் பிளாஸ்மிடில்தான் இருக்கின்றன. ஆனால் அதை நிரூபித்தது பிளாஸ்மிடோடு சேர்ந்து அந்தத் திறனும் இன்னொரு செல்லுக்குப் போகிறது என்று காட்டி, வெறும் சாயம் போட்டு அல்ல. இப்படிப்பட்ட பெரிய நேர் பிளாஸ்மிட் கல்லூரி லேபில் ஓட்டுகிற சாதாரண அகரோஸ் ஜெல்லில் தனி பேண்டாகப் பிரிந்து தெரியாது, பல்ஸ்ட் ஃபீல்ட் ஜெல் வேண்டும். அதனால் ஜெல்லில் பேண்ட் இருப்பதையோ இல்லாததையோ வைத்தும் தீர்ப்பு எழுத முடியாது. கைடிடம் மரியாதையாக இப்படிச் சொல்லுங்கள்: "மேடம், சாயத்துக்குப் பிறகு இத்தனை சதவீத காலனி திறனை இழந்தது, இது குரோமோசோம் இழப்பாகவும் இருக்கலாம், பிளாஸ்மிட் இழப்பாகவும் இருக்கலாம் என்று எழுதிக்கொள்கிறேன்." எந்த எக்ஸாமினரும் இதற்கு மார்க் குறைக்க முடியாது.

சரி, போனது ஆன்டிபயாடிக் ஜீன் தொகுப்புதான் என்று எப்படித் தெரியும்?

தொகுப்பே போயிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரைசியஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்ட்ரெப்டோமைசின் உற்பத்தியையும் ஸ்போர் கட்டுவதையும் ஏ-ஃபாக்டர் என்ற சின்ன மூலக்கூறு சேர்ந்தே தொடங்கிவைக்கிறது. சோவியத் ஆய்வாளர் ஹோக்லோவின் குழு 1960களில் கண்டுபிடித்தது. அதைச் செய்யத் தேவையான ஏஎஃப்எஸ்ஏ ஜீன் குரோமோசோமின் நுனிக்கு அருகில் இருக்கிறது. நுனி உடைந்தால் அந்த ஜீன் போகிறது, உடனே ஸ்போரும் இல்லை, மருந்தும் இல்லை, ஸ்ட்ரெப்டோமைசின் ஜீன்கள் பத்திரமாக உள்ளேயே இருந்தாலும். வழுக்கையும் ஜோன் இழப்பும் ஒன்றாக வருவதை நீங்கள் பிளேட்டில் பார்க்கிறீர்களே, அதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கலாம்.

கல்லூரி லேபிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன், செலவே கிடையாது. ஆன்டிபயாடிக் செய்கிற பாக்டீரியா தன் மருந்தாலேயே சாகாமல் இருக்க எதிர்ப்பு ஜீனையும் வைத்திருக்கும், அது பெரும்பாலும் உற்பத்தி ஜீன்களின் பக்கத்திலேயே இருக்கும். மாறிய வகையின் ஸ்போரை ஒரு பிளேட் முழுக்கப் பரப்புங்கள். ஜோன் தருகிற மூலக் கல்ச்சர் நன்றாக வளர்ந்த பிளேட்டிலிருந்து ஒரு அகார் துண்டைத் துளைத்து எடுத்து அதன் மேல் வையுங்கள். துண்டைச் சுற்றி மாறிய வகை வளராமல் வெற்றிடம் வந்தால், தன் சொந்த மருந்தைத் தாங்கும் சக்தியையும் அது இழந்திருக்கிறது. தொகுப்பு முழுவதும் போயிருக்கலாம் என்பதற்கு இது நல்ல அறிகுறி. எதிர்ப்பு ஜீன் இருந்தும் அதை இயக்குகிற சுவிட்ச் கெட்டிருந்தாலும் இதே வெற்றிடம் வரும், ஆகவே இதை நிரூபணம் என்று எழுத வேண்டாம். நிரூபணம் வேண்டுமென்றால் தொகுப்பின் ஜீனுக்கு பிசிஆர், அல்லது முழு ஜீனோம் வரிசை.

மரபணுவே மாறவில்லை, மீடியாதான் காரணம் என்று இருக்கலாமா?

இருக்கலாம், இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாஸ்பேட் கூடினால் பல இனங்களில் ஆன்டிபயாடிக் உற்பத்தி அடங்கிவிடும். குளுக்கோஸ் அதிகமானாலும் அப்படித்தான். ஒரு வாரம் மெட்ரோ வாட்டர், அடுத்த வாரம் போர் தண்ணீர், அதற்கடுத்த வாரம் லாரி தண்ணீர் என்று நம் பக்கத்துத் தண்ணீரில் மாற்றி மாற்றி மீடியா போட்டுவிட்டு ஜோன் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை, காய்ச்சி வடித்த நீரில் போடுங்கள். எண்ணூர் கழிமுகச் சேற்றிலிருந்து எடுத்ததை உப்பில்லாத மீடியாவில் வளர்த்தால் திறன் இருந்தும் காட்டாமல் போகலாம். அகார் ஆழம் கூடினால் ஜோன் சின்னதாகத் தெரியும். டெஸ்ட் கிருமியும் மாறியிருக்கலாம்.

பிரித்துப் பார்க்கும் வழி இது. முதல் பிளேட்டிலிருந்து சேமித்து வைத்த ஸ்போரையும் இப்போதைய கல்ச்சரையும் ஒரே நாளில், ஒரே ஆட்டோகிளேவ் மீடியாவில், ஒரே டெஸ்ட் கிருமிக்கு எதிராகப் போடுங்கள். இரண்டுமே ஜோன் தராவிட்டால் மீடியாவையோ டெஸ்ட் கிருமியையோ சந்தேகப்படுங்கள். பழையது தந்து புதியது தராவிட்டால் கல்ச்சர் மாறியிருக்கிறது. மாறியது உங்கள் பாக்டீரியாதானா அல்லது காற்றில் வந்து விழுந்த வேறொன்றா என்பதை 16எஸ் (பாக்டீரியாவை அடையாளம் காட்டும் ஜீன்) வரிசையால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இப்போதைய கல்ச்சரின் ஸ்போரை நீர்த்துப் பரப்பி, தனித்தனிக் காலனிகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். எல்லாக் காலனியும் பாதி பலத்தில் இருக்காது, சிலது முழு ஜோன் தரும், சிலது சுத்தமாகத் தராது. அந்தப் பிளவுதான் மரபணு நிலையின்மையின் கையெழுத்து.

முதல் பிளேட்டிலிருந்து நான் எதுவும் சேமிக்கவே இல்லையே?

அப்போது இப்போதைய ஸ்லான்ட்டைத்தான் நீர்த்துப் பரப்ப வேண்டும், நல்ல காலனி இன்னும் உள்ளே இருக்க வாய்ப்பு இருக்கிறது. பொடி நன்றாகக் கட்டிய, மூல நிறம் மாறாத காலனிகளாகத் தேடி எடுத்துச் சோதியுங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் மீந்த மண்ணுக்குத்தான் போக வேண்டும். காற்றில் உலர்த்திய மண்ணைப் பேப்பர் கவரில் வைத்திருந்தால் ஸ்போர்கள் அதில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆகவே மண்ணை ப்ராஜெக்ட் முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள்.

எங்கள் காலேஜில் மைனஸ் 80 ஃப்ரீசர் கிடையாது. எப்படிச் சேமிப்பது?

கிடையாதென்றாலும் சேமிக்கலாம். இந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றிலும் இந்த ஒரு பதிலை மட்டுமாவது செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜோன் வந்த அன்றைக்கே, ஜோனை அளந்து ரெக்கார்டில் எழுதுவதற்கு முன்னாலேயே, அந்தக் காலனியின் ஸ்போரை எடுத்துச் சேமியுங்கள். நன்றாகப் பொடி கட்டிய பிளேட்டில் 20 சதவீத கிளிசரால் கரைசலைக் கொஞ்சம் ஊற்றி, பஞ்சால் மெதுவாகத் தேய்த்து, கிடைக்கிற கலங்கலைச் சின்னச் சின்ன வயல்களில் (மூடி போட்ட குப்பிகளில்) பங்கிட்டு மைனஸ் 20-இல் வையுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் பெட்டியைவிட டீப் ஃப்ரீசர் நல்லது. ஒரே பெரிய குழாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் உருக்கி உறையவைப்பது வேண்டாம். ஒரு வயல் ஒரு தடவைக்கு, அதோடு சரி. கோடையில் கரண்ட் போய்ப் போய் வருகிற நம் பக்கத்தில் இது இன்னும் முக்கியம். வயல்களை இரண்டு பங்காகப் பிரித்து ஒரு பங்கை வேறொரு துறையின் ஃப்ரீசரில் கொடுத்து வையுங்கள்.

ஃப்ரீசரே இல்லையென்றால் மண் ஸ்டாக். சலித்த மண்ணை ஆட்டோகிளேவில் அடுத்தடுத்த நாட்களில் திரும்பத் திரும்பக் கிருமிநீக்கம் செய்து, உலர்த்தி, அதில் ஸ்போர் கலங்கலைச் சொட்டவிட்டு மறுபடி உலர்த்தி இறுக்க மூடி வையுங்கள். உலர்ந்த மண்ணில் ஸ்போர் வளராது, பெருகாது. பெருகாவிட்டால் புதிய மாற்றம் சேருவதற்கும் இடமில்லை. பழைய முறைதான், நன்றாக வேலை செய்கிறது.

பேர் சொல்லும்படி ஏதாவது கிடைத்துவிட்டது என்று நம்பினால் சண்டிகரில் இருக்கிற எம்டிசிசி, புனேயில் இருக்கிற என்சிஐஎம் என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் ஒன்றில் டெபாசிட் செய்யக் கைடிடம் பேசுங்கள்.

மருந்து கம்பெனிகள் எப்படிச் சமாளிக்கின்றன?

இதே வழிதான், பெரிய அளவில். மூல ஸ்டாக் ஒன்று, அதிலிருந்து வேலை ஸ்டாக், அதிலிருந்து நேராக டாங்க். மூலத்திலிருந்து டாங்க் வரை எத்தனை தலைமுறை என்பதற்குக் கண்டிப்பான வரம்பு வைத்திருப்பார்கள். 1954-இல் புனே அருகே பிம்ப்ரியில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் காலத்திலிருந்து இன்றுவரை கல்ச்சரைக் காப்பாற்றுவது இந்தத் தொழிலில் பாதி வேலை.

இந்த நிலையின்மையால் எப்போதுமே நஷ்டம்தானா?

இல்லை. நுனியில் அழிகிற அதே சமயம் சில இடங்களில் டிஎன்ஏ பெருகவும் செய்யும். லிவிடன்ஸில் அர்ஜினினை இழந்த வகைகளில் 5,700 பேஸ் நீளமுள்ள ஒரு துண்டு நூற்றுக்கணக்கான பிரதிகளாக வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கும். இது ஆன்டிபயாடிக் தொகுப்பில் நடந்தால் அடித்தது யோகம். கனமைசின் தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கனமைசெட்டிகஸை வருடக்கணக்காகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உற்பத்தியைக் கூட்டினார்கள். என்ன மாறியது என்று யாருக்கும் தெரியாது. 2006-இல் திறந்து பார்த்தால், கனமைசின் ஜீன்கள் அடங்கிய 1,45,000 பேஸ் துண்டு 36 பிரதிகள் வரை பெருகியிருந்தது.

பாக்டீரியாவுக்கே இதனால் ஏதாவது லாபம் உண்டா?

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் சீலிகலரை வைத்து இதைக் கேட்டார்கள். 2020-இல் வெளியானது. ஒரு காலனிக்குள் சில செல்கள் குரோமோசோம் நுனியில் பெரிய துண்டுகளை இழக்கின்றன, அவற்றால் ஸ்போர் சரியாக உண்டாக்க முடியவில்லை, ஆனால் அவை அதிக ஆன்டிபயாடிக் சுரக்கின்றன, வகையும் கூடுதல். ஆக்டினோரோடின் ஜீன்கள் நடுப்பகுதியில் இருப்பதால் நுனி போனாலும் அவை தப்பிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அந்தச் செல்களுக்கு வாரிசு அதிகம் கிடையாது, ஆனால் பக்கத்தில் ஸ்போர் கட்டுகிற சொந்தங்களுக்கு எதிரிகள் நெருங்காமல் பார்த்துக்கொள்கின்றன. எறும்புப் புற்றில் வேலைக்கார எறும்புக்கு இருக்கிற இடத்தோடு ஆய்வாளர்கள் இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

உங்கள் பிளேட்டில் திறனை இழந்ததைப் பார்க்கிறீர்கள், அவர்கள் பிளேட்டில் திறன் கூடியதைப் பார்த்தார்கள். எந்த இனம், எந்தத் தொகுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டும் நடக்கும். அதனால்தான் மாறிய காலனி எல்லாவற்றையும் உதவாக்கரை என்று ஒதுக்காமல் ஜோன் போட்டுப் பாருங்கள் என்கிறேன்.

மணலி, எண்ணூர் மண்ணில் இருக்கிற தொழிற்சாலைக் கழிவால்தான் இப்படி ஆகிறதா?

லேபில் சப்-கல்ச்சர் செய்யும்போது நடக்கிற இழப்புக்கு மண்ணின் மாசு தேவையே இல்லை, சுத்தமான காட்டு மண்ணிலிருந்து எடுத்த இனங்களிலும் இதே நடக்கிறது. மண்ணின் மாசு பற்றித் தனியாகக் கவலைப்பட நமக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது, அதை இந்த ஜோனோடு முடிச்சுப் போட வேண்டாம்.

மண் எடுக்கும்போதும் கல்ச்சரைக் கையாளும்போதும் ஆபத்து உண்டா?

பெரும்பாலானவை மனிதருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் வெறுங்காலோடு ஏரிக்கரையிலோ கால்வாய் ஓரத்திலோ இறங்காதீர்கள். முள் குத்திய காயம் வழியாக மண்ணிலிருக்கிற சில ஆக்டினோமைசீட்ஸ் புகுந்து பாதம் வீங்கிப் புண்ணாகும் நோய் ஒன்று உண்டு, 1842-இல் மதுரையில் பதிவானதால் உலக மருத்துவத்தில் மதுரைக் கால் என்றே பெயர். அதை உண்டாக்குகிற ஆக்டினோமதுரா மதுரே என்ற பாக்டீரியாவின் பெயரிலும் மதுரை இருக்கிறது. ஷூ, கையுறை இரண்டும் போடுங்கள். பக்கிங்ஹாம் கால்வாய்ப் பக்கம் என்றால் சாக்கடைக் கிருமிகளுக்காகவும் போட வேண்டும்.

இழந்தது தானாகத் திரும்பி வருமா?

டிஎன்ஏ துண்டே போயிருந்தால் வராது. கிரைசியஸில் ஏ-ஃபாக்டர் மட்டும் இல்லாத வகைக்கு அதை வெளியிலிருந்து கொடுத்தால் ஸ்போரும் ஸ்ட்ரெப்டோமைசினும் திரும்பும். உங்கள் ஐசொலேட்டில் முயன்று பார்க்க ஆசை இருந்தால், ஜோன் தருகிற மூலக் கல்ச்சரை வழுக்கை வகைக்கு மிக அருகில் கோடாக இழுத்து வளர்த்துப் பாருங்கள். மூலத்தை ஒட்டிய ஓரத்தில் மட்டும் வழுக்கை வகை பொடி கட்டினால், காணாமல் போனது வெளியே கசியக்கூடிய ஏதோ ஒரு சமிக்ஞை.

ஜோன் போய்விட்டது என்று ரிப்போர்ட்டில் எழுதினால் ப்ராஜெக்ட் தோல்வி என்று ஆகிவிடாதா?

ஆகாது, சரியாக எழுதினால் அதுதான் உங்கள் ரிப்போர்ட்டின் சிறந்த அத்தியாயம். எத்தனையாவது சப்-கல்ச்சர், ஜோன் எத்தனை மி.மீ., பரப்பிய காலனிகளில் எத்தனை வழுக்கை, எத்தனை நிறம் மாறியவை என்று ஒரு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பிளேட்டின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்திருந்தால் இன்னும் நல்லது. மாறிய வகையையும் மூலத்தைப்போலவே கிளிசராலில் சேமித்து, வயலின் மேல் ஐசொலேட் எண், சப்-கல்ச்சர் எண், தேதி மூன்றையும் அழியாத மையால் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் உங்கள் ஜூனியர் ஒருவருக்கு பிசிஆர் செய்ய வசதி கிடைத்தால் மூலமும் மாறியதும் ஜோடியாக அவர் கையில் இருக்கும்.